பேய்க்கணவாய்க்கு வீட்டில் தொட்டி: அடுத்த வாரம் வேண்டாம், மார்கழிக்கு வரட்டும்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உவரிக் கோயிலுக்குப் போயிருந்தோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் உயிரோடு ஒரு சின்ன ஆக்டோபஸ் இருந்தது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வாரம் ஒன்று பிடித்துத் தருவதாகப் படகுக்காரர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டரை அடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. முன்பு தங்கமீன் வளர்த்தது. வெள்ளைப்புள்ளி நோய் வந்து, மருந்து ஊற்றியும் எல்லாம் போய்விட்டன. அதில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, தூத்துக்குடி உப்பைக் கலந்தால் போதுமா? மேலே மூடக் கண்ணாடி இருக்கிறது. தீனிக்கு வயல் நண்டு கிடைக்கும். வேறு என்ன வாங்க வேண்டும்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்:

படகுக்காரரிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் வேண்டாம் என்று. இப்போது ஆவணி. இன்று வேலையைத் தொடங்கினால் மார்கழியில் தொட்டி தயாராகும். அதற்கு முன்னால் கொண்டுவந்தால் அது ஒரு வாரம் தாங்குவதே பெரிது. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து பொருளும் (தொட்டி, தண்ணீர், உப்பு, மூடி, நண்டு) ஆளுக்கொரு வழியில் அதைக் கொல்லக்கூடியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் பிராணியைப் பற்றி நாலு வரி. நம் கரையில் இதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர். கணவாய்க்கு உள்ளே ஓடு உண்டு, ஊசிக்கணவாய்க்கு மெல்லிய தகடு உண்டு. இதற்குச் சொல்லும்படியாக எதுவும் கிடையாது. உடம்பிலேயே கெட்டியான உறுப்பு கிளிமூக்குப் போன்ற அலகு ஒன்றுதான். இதயம் மூன்று. இரத்தம் நீலம், நம் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை இதில் தாமிரம் செய்கிறது. அந்த இரத்தம் நம்முடையதைப்போல ஆக்சிஜனைத் தாராளமாகச் சுமக்காது. ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். தின்பது முழுக்கப் புரதம், கழிப்பது அம்மோனியா, அதுவும் அதே எடையுள்ள மீனைவிட அதிகம். தொட்டிக்குச் செய்யும் செலவெல்லாம் இந்த நாலு வரிக்குத்தான்.

பழைய தொட்டியை விற்றுவிடுங்கள்

இரண்டரை அடித் தொட்டியில் 100 லிட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் பிடிக்கும். ஒரு நாள் தீனி மிஞ்சினாலும் அதில் அம்மோனியா ஏறிவிடும். அது போகட்டும், அளவு மட்டும் குறை என்றால் வேறு வழி தேடலாம். வெள்ளைப்புள்ளிக்கு என்ன மருந்து ஊற்றினீர்கள்? கடையில் தரும் மருந்துகளில் தாமிரம் கலந்தவை உண்டு. மயில்துத்தத்தையே கரைத்து ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தத் தாமிரம் சரளைக்கல்லிலும் சிலிக்கான் ஒட்டிலும் ஊறிக் கிடந்து, பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் கசியும். இரத்தத்தில் தாமிரத்தை வைத்துக்கொண்டு திரியும் இந்தப் பிராணிக்குத் தண்ணீரில் கரைந்த தாமிரம் விஷம். கழுவினால் போகாது. அந்தத் தொட்டியின் சரளை, பம்ப், வலை எதையும் புதுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

தாமிரபரணி என்ற பெயரைப் பார்த்து ஆற்றின்மேல் சந்தேகப்பட வேண்டாம். தாமிரம் வருவது நம் வீட்டுக்குள்ளிருந்து: பித்தளைக் குழாய், செம்புக் குடம், பிறகு இப்போது வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் 'காப்பர்' ஆர்.ஓ. குடிதண்ணீரில் தாமிரம் சேர்ப்பதற்கென்றே ஒரு குப்பி வைத்த அந்த இயந்திரத்துத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்கு ஆகாது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறென்றால் கடினத்தன்மை எக்கச்சக்கம். எதுவானாலும் மீன் தொட்டிக்கென விற்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று வேண்டும். முன்னால் கார்பன் வடிகட்டி, பின்னால் அயனி நீக்கும் பிசின் குப்பி இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 5க்குக் கீழே காட்டும்வரை அந்தத் தண்ணீர் உங்களுக்கு உதவும். ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றுங்கள். தொட்டிக்குப் போகும் வழியில் எங்கும் உலோகக் குழாயோ உலோக வால்வோ வேண்டாம், பி.வி.சி. மட்டும்.

உப்பு. தூத்துக்குடி உப்பு சாப்பாட்டுக்கு நல்ல உப்பு. கடல்நீராக மாற உதவாது. உப்பளத்துப் பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகி வரும்போது மக்னீசியம், பொட்டாசியம் முதலானவை கசப்பு நீரிலேயே தங்கிவிடும். கால்சியம் அதற்கும் முன்னாலேயே ஜிப்சமாக வேறு பாத்தியில் படிந்துவிடும். அந்த உப்பைக் கரைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான். தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவை வேண்டும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம். கீழே சொல்லப்போகும் அமைப்பில் ஓடும் தண்ணீர் சுமார் 300 லிட்டர், எனவே முதல் நிரப்புதலுக்கு 11 கிலோ. உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வாங்குங்கள். மிதவைக் கருவியில் ஒரு உப்புத்துகள் ஒட்டினாலும் கணக்குத் தப்பும். 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை காட்ட வேண்டும்.

உவரியிலிருந்து கடல்நீரையே கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். கொண்டுவரலாம், ஆனால் அலை உடைகிற கரையில் மொண்டால் மணலும் டீசலும்தான் வரும். படகில் சற்று உள்ளே போய் எடுத்து, 5 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, மூடிய பிளாஸ்டிக் தொட்டியில் இருட்டில் இரண்டு வாரம் வைத்துப் பிறகு பயன்படுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், கலங்கலும் கூடும். அந்த மாதங்களில் எடுக்கவே கூடாது. வாரந்தோறும் 60 லிட்டர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பாளையங்கோட்டையிலிருந்து இதற்காக அலைவதைவிட உப்புக் கலவை லாபம்.

தொட்டி

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை கணக்குப் போட்டால் 250 லிட்டர். கண்ணாடி 10 மி.மீ. ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். குளியலறைக்கு விற்பதில் அந்த மருந்து இருக்கும், அது விஷம். ஒட்டியபின் ஒரு வாரம் காய விடுங்கள்.

கீழே இரண்டாவது தொட்டி ஒன்று, அதாவது சம்ப். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து சம்பில் இறங்கும். முதலில் துணிப்பை வடிகட்டி, அடுத்த அறையில் ஸ்கிம்மர், அடுத்ததில் பாக்டீரியா தங்குவதற்கான பீங்கான் துண்டுகள், கடைசி அறையில் மேலே ஏற்றும் பம்ப். மணிக்கு 3000 லிட்டர் என்று எழுதிய பம்ப், நாலரை அடி உயரம் ஏற்றியபின் 2000 கொடுத்தாலே நல்லது, அது போதும். ஸ்கிம்மரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 600 முதல் 800 லிட்டர் தொட்டிக்கென்று எழுதியதை வாங்குங்கள். கரைந்த புரதத்தை நுரையாக வெளியேற்றுவதோடு, காற்றைப் பொடிக்குமிழியாகக் கலக்கி ஆக்சிஜன் ஏற்றுவதும் அதுதான்.

எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். பாளையங்கோட்டைப் பழைய மச்சு வீடென்றால் மரத் தட்டின்மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள், தரைத்தளத்தில், சுவரோரம். இரும்பு ஸ்டாண்டை உப்புநீர் இரண்டே வருஷத்தில் தின்றுவிடும். செங்கல் தூண் கட்டி மேலே கடப்பாக்கல் போடுவது மலிவு, உறுதி. கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மோகோல். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம்.

அடியில் இரண்டு அங்குலத்துக்கு அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல், பொடி ரகம், 40 கிலோ பிடிக்கும். உவரி, கூத்தங்குழிப் பக்கத்துச் செம்மணலையும் கருமணலையும் அள்ளிவந்து போடாதீர்கள். அவற்றில் கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்கள் உண்டு. அதோடு, அள்ளுவதே வழக்கில் கொண்டுபோய் விடும். 'உயிர்ப்பாறை' என்று யாராவது பவளப்பாறைத் துண்டு விற்க வந்தாலும் வாங்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பீங்கான் பாறைகள் விற்கிறார்கள், அவை போதும்.

பதுங்குமிடம் இல்லாத தொட்டியில் இது தின்னாது, நிறம் வெளுத்து மூலையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாக் நீரிணைப் பகுதியில் சங்கு ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலுக்குள் இறக்கிப் பேய்க்கணவாய் பிடிக்கும் முறை ஒன்று உண்டு, இரையே வைப்பதில்லை. காலி ஓட்டைக் கண்டால் தானே குடிபுகுந்துவிடும், அத்தனை ஆசை. உங்களுக்கு அதைவிடச் சுலபமான வழி காருகுறிச்சி மண்பானை. மெருகு பூசாத, சாயம் போடாத சின்னக் கலயம் மூன்று, வாய் இரண்டு அங்குலத்துக்குள். ஒரு வாரம் ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போட்டு, படுக்கவைத்து மணலில் பாதி புதையுங்கள். கூடவே நார் நீக்கி வேகவைத்த கொட்டாங்கச்சி இரண்டு. ஆம்பியாக்டோபஸ் மார்ஜினாட்டஸ் என்ற இனம் கொட்டாங்கச்சியைச் சுமந்துபோய் வீடு கட்டிக்கொள்வதை இந்தோனேசியக் கடலில் கண்டு 2009இல் எழுதினார்கள். நம் கரையிலும் கிடைக்கிற இனம்தான்.

மூடி

அலகு நுழையும் துவாரத்தில் முழு உடம்பும் நுழையும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்தில் இங்கி என்ற ஆக்டோபஸ் 2016இல் மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, தரையைக் கடந்து, வடிகால் குழாய்க்குள் இறங்கிக் கடலுக்கே போய்விட்டது. பாளையங்கோட்டை வீட்டில் அது போய்ச் சேர்வது கட்டிலடிக்குத்தான்; காலையில் காய்ந்து கிடக்கும்.

சும்மா மேலே வைத்த கண்ணாடியை அது தள்ளிவிடும். கனம் வைத்தாலும் தைரியமாக இருக்க முடியாது. 10 மி.மீ. பாலிகார்பனேட் தகடு, பாதி நிலையாகவும் பாதி கீல் வைத்துத் திறப்பதாகவும். அக்ரிலிக் தகட்டில் ஒரு சிக்கல்: அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் காய்ச்சல் என்பதால் மாதம் போகப்போக மூலைகள் மேலே வளையும், தெரியாமலே ஒரு விரல் இடைவெளி விழும். எந்தத் தகடானாலும் அடிக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. எங்கும் 3 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது. ஒயர் போகும் ஓட்டையைச் சுற்றி ஸ்பாஞ்ச் அடையுங்கள். தண்ணீர் வழியும் வாய்க்குப் பிளாஸ்டிக் சல்லடை. பம்ப் உறிஞ்சும் வாய் எதுவும் தொட்டிக்குள் திறந்திருக்கக் கூடாது, ஆக்டோபஸின் கை மாட்டினால் துண்டாகும்.

விளக்கு மூடிக்கு மேலே இருக்கட்டும். இது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும், அதுவும் குறிபார்த்து. தொட்டிக்கான மின்இணைப்பில் மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழி இறங்கும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். வெளிச்சம் மங்கலாகவே போதும். இரவில் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு பல்பு.

வெக்கை

நம் ஊரில் இந்தத் தொட்டியை முடிவு செய்வது வெக்கைதான். வேண்டிய வெப்பம் 24 முதல் 26 டிகிரி. மே மாதத்தில் வெளியே 40ஐ எட்டும்போது, அறைக்குள் தொட்டித் தண்ணீர் 32, 33க்குச் சாதாரணமாக ஏறும். சூடு கூடக்கூட இரண்டு பக்கமும் அடி. 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 6தான். அதே சூட்டில் பிராணியின் உடம்பு வேகமாக ஓடி, இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கும். பிழைத்தாலும் ஆயுள் சுருங்கும். கோடையில் மன்னார் வளைகுடாவே 30 டிகிரி இருக்கிறதே என்றால், உண்மை. அங்கே ஓட்டம் உண்டு, ஆழத்துக்கு இறங்கும் வசதி உண்டு, அம்மோனியா சேர்வதில்லை. தொட்டியில் இந்த மூன்றும் கிடையாது.

மீன் தொட்டிக்கு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனிக் காற்றடிக் காலத்தில் இன்னும் நன்றாகவே இறங்கும். ஆனால் நாம் மேலே இறுக்கி மூடியிருக்கிறோம். காற்றுப் படுவது சம்பில் மட்டும். ஆகவே சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி, வாங்காமல் தீராது. கால் குதிரைத்திறன் வேண்டும், 25 டிகிரியில் நிறுத்துங்கள். வாங்கும்போது ஒரே கேள்வி: உள்ளே தண்ணீர் படும் சுருள் டைட்டானியமா? பழைய ஏ.சி.யையோ தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரத்தையோ மாற்றிக் கட்டித் தருகிறேன் என்பார்கள். அதில் இருப்பது செம்புச் சுருள். சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறையில்தான் கொட்டும். அடைத்த அறைக்குள் வைத்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் இறங்காது. ஜன்னலோரமோ வராந்தாவிலோ வையுங்கள். பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்த செலவுக்குப் பக்கத்தில் இந்த ஒரு பெட்டியின் விலை வரும். இது முடியாது என்றால் ஆக்டோபஸ் ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மீதி எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் முடியாது.

கரண்டு போனால்? பம்ப், ஸ்கிம்மர், ஏர் பம்ப் மூன்றும் சேர்ந்து 70 வாட்டுக்குள் நிற்கும். 150 ஏ.எச். பேட்டரியுள்ள இன்வர்ட்டர் வீட்டின் மற்றச் சுமை இல்லாமல் இருந்தால் 8 மணி நேரம் தள்ளும். சில்லரை அதில் கோக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் 2 லிட்டர் பாட்டிலில் ஐஸ் உறையவைத்து, மூடியோடு சம்பில் மிதக்கவிடுங்கள்.

ஏர் பம்ப் அறைக்காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. கொசுவத்திச் சுருள், பிளக்கில் மாட்டும் கொசு மருந்து, பினாயில், பெயின்ட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசு மருந்திலுள்ள பைரித்ராய்டு நண்டு, இறால், ஆக்டோபஸ் வகையறாவுக்கு மிகவும் கெடுதி. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் வெறும் தண்ணீர்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அவற்றுக்குத் தீனி நாம் போட வேண்டும். அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 300 லிட்டருக்கு 2 கிராம்; அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா காட்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் கட்டி நவச்சாரத்தை வாங்காதீர்கள். ஆய்வகத் தரத்தில் இரசாயனக் கடையில் கேளுங்கள். அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கும். இதற்கு நாலிலிருந்து ஆறு வாரம். பிறகு மறுபடி 2 கிராம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் பாக்டீரியா நிலைத்துவிட்டது.

மீனுக்கென்றால் இத்தோடு சரி. ஆக்டோபஸுக்குப் போதாது. அடுத்த இரண்டு மாதம் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் ஐந்தாறை விட்டு, தினம் ஒரு துண்டு இறால் போட்டுப் பழக்குங்கள். பாக்டீரியா பெருகுவது தீனியின் அளவுக்குத்தான். ஒரே நாளில் பெரிய புரதந்தின்னியைக் கொண்டுவந்து விட்டால் அம்மோனியா மறுபடி ஏறும். இந்த இரண்டு மாதத்தில் உங்கள் கையும் பழகும்: ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுவது (உப்பு ஆவியாகாது, உப்புநீர் ஊற்றினால் ஏறிக்கொண்டே போகும்), வாரம் 60 லிட்டர் மாற்றுவது, அதற்கு முந்தின நாளே உப்பைக் கரைத்துக் காற்றடித்து வைப்பது. பிராணி வரும் நாளில் பி.எச். 8.0 முதல் 8.4, அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ், தாமிரம் பூஜ்யம். தாமிரத்துக்கும் தனிச் சோதனைக் குப்பி உண்டு, மறக்காமல் வாங்குங்கள். துறவி நண்டுகள்? அவற்றைத்தான் முதல் வாரம் தின்னும்.

எதை வாங்குவது

இழுவைமடியில் வந்தது வேண்டாம்; மணிக்கணக்கில் மற்ற மீன்களோடு நசுங்கி வந்திருக்கும். நாட்டுப்படகில் நண்டு வலையிலோ கூண்டிலோ ஏறியது பரவாயில்லை. உடல்பை (கைகளை விட்டுவிட்டு, தலைக்குப் பின்னால் இருக்கும் பை) 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரியது வேண்டும் என்று மகள் கேட்பாள், பெரியது வயதானது. எட்டுக் கையும் முழுசாக இருக்க வேண்டும், தோலில் வெள்ளைப் புண் கூடாது, கையை அருகில் கொண்டுபோனால் நிறம் மாற வேண்டும், உறிஞ்சிகள் பிளாஸ்டிக் வாளியை இறுகப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை அளவில் இருந்து, சீண்டினால் நீல வளையங்கள் பளிச்சென்று தோன்றும் ஒன்றைக் கண்டால் தொடவே தொடாதீர்கள். அதன் கடியில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மற்ற ஆக்டோபஸ்களின் எச்சிலிலும் விஷம் உண்டு, அது இவ்வளவு கடுமையில்லை. அதனால் மகள் கையால் தீனி கொடுக்க வேண்டாம், பிளாஸ்டிக் இடுக்கி போதும். கை விடுமுன் சோப்போ தேங்காயெண்ணெயோ இல்லாமல் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

உவரியிலிருந்து வரும்போது 20 லிட்டர் மூடி வாளி, பாதித் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப், உள்ளே ஒரு கலயம், மேலே இருட்டு. வழியில் மை கக்கினால் தண்ணீரை உடனே மாற்ற இன்னொரு கேனில் கடல்நீர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மை செவுள்மேல் படிந்தால் மூச்சுக்கு இடைஞ்சல். வீட்டில் வாளிக்குள் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விட்டு, வாளி கிட்டத்தட்ட நிறைந்ததும் கலயத்தோடு தூக்கி உள்ளே விடுங்கள். வலையால் தூக்காதீர்கள். வாளித் தண்ணீர் சாக்கடைக்கு, தொட்டிக்கு அல்ல. முதல் மூன்று நாள் விளக்கு வேண்டாம், உறவுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டவும் வேண்டாம்.

தொட்டிக்குள் மை கக்கினால்: ஸ்கிம்மர் பொங்கும், அதன் கோப்பையிலிருந்து வெளி வாளிக்கு ஒரு குழாய் முன்பே மாட்டியிருக்க வேண்டும். மிதக்கும் மைத் திரளை உறிஞ்சி எடுத்து, புதுக் கார்பன் 300 கிராம் பையில் கட்டிச் சம்பில் போட்டு, 100 லிட்டர் மாற்றுங்கள். இதற்காகவே எப்போதும் 100 லிட்டர் கலந்த உப்புநீர் தயாராக வைத்திருங்கள்.

தீனி

வயல் நண்டு வேண்டாம். கார், பிசானம் இரண்டு பருவத்திலும் பூச்சிமருந்து படாத வயல் அரிது, நண்டு அதைச் சுமந்து வரும். நன்னீர் மீனும் வேண்டாம். உப்பங்கழியிலோ கடற்கரையிலோ கிடைக்கும் சின்ன நண்டுதான் முதன்மை. ஓடு இரண்டு செ.மீ. அகலம், நாளுக்கு ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் அதற்குப் பதில் இறால் அல்லது மட்டி. சந்தை இறாலில் கருக்காமலிருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற இரசாயனத்தில் நனைத்தெடுத்ததும் இருக்கலாம். படகுக்காரரிடமே வாங்கி உறையவைப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகு ஓடினாலும் வரத்து குறையும், அதற்கு முன்பே இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வையுங்கள். மிச்சத்தையும் நண்டு ஓட்டையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு ஆக்டோபஸைத் துணைக்கு விட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். மீனும் அப்படியே. துணை வேண்டியதில்லை, வேலைதான் வேண்டும். திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நண்டை வைத்து, மூடியில் சின்ன ஓட்டைகள் போட்டுக் கொடுங்கள். முதலில் மூடியைத் தளர்த்தி வைத்து, நாள் போகப்போக இறுக்குங்கள். உங்கள் மகளுக்கு மார்கழி விடுமுறை முழுக்க இது போதும்.

அவளிடம் முன்பே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சிற்றினங்களின் ஆயுள் ஒரு வருஷம், கூடப்போனால் ஒன்றரை. கடலில் பாதி வாழ்ந்ததைத்தான் நீங்கள் கொண்டுவருகிறீர்கள். உங்கள் வீட்டில் ஆறு மாதம் இருந்தால் நன்றாக வளர்த்தீர்கள் என்று பொருள். முடிவு நெருங்கும்போது தீனியை விடும், பகலில் காரணமின்றி அலையும், தோலில் வெள்ளைத் திட்டுகள் விழும். அதற்கு மருந்தில்லை. விளக்கைக் குறைத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருங்கள். உவரிக் கடலில் கொண்டுபோய் விட வேண்டாம். தொட்டியில் இருந்த நோய்க்கிருமி கூடவே போகும். இறந்த சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பெண்ணாக இருந்தால் ஒருநாள் கலயத்தின் வாயைக் கல்லால் அடைத்துக்கொண்டு வெளியே வராது. ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும். அதன்பின் இரை எடுக்காது, முட்டைமேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நோய் என்று நினைத்துக் கலயத்தை எடுத்துப் பார்க்காதீர்கள், இடத்தை மாற்றாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டு இறாலை வாயருகே காட்டி, வாங்கவில்லையென்றால் திரும்ப எடுத்துவிடுங்கள்.